சாய்வுச் சட்டம் எந்தப் பக்கம்?



பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கும் புது மரக்கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஏன் சார் இதை ஒரு படம் எடுத்துப் போடலை?" என்று கேட்டார்கள். கேட் மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. செய்து கொடுத்தவர்தான், "மழை முடியட்டும் சார், அதுக்கப்புறம் போடுங்க" என்று சொல்லியிருந்தார். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் நன்றாகவே கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விட்டன. இன்றைக்குப் படம் போட்டிருக்கிறேன். படத்தோடு கொஞ்சம் எழுதவும் வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பழைய கேட்டின் கதை. நான் 2011-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் சுற்றுச்சுவர் எழுப்பியபோது, வாசலுக்கு மரத்தில்தான் கேட் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 4 அடி அகலம், 4½ அடி உயரம், ஒற்றைக் கதவு. படத்தை வரைபடத்தாளில் நானே வரைந்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா, வேறொருவர் வரைந்தால் ஒப்பாது. செய்ய வந்த தச்சர், "நாலு மூலையிலும் துளை அடிச்சு செஞ்சா நாலு நாள் கூலி ஆகும் சார். அரைக்கு அரை வெட்டி ஒட்டிட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சுடும்" என்றார். நான் இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்தேன். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. கேட்டதைச் செய்து கொடுத்தார். சாய்வுச் சட்டத்தைக் காட்டி, "இதை எந்தப் பக்கமாப் போடட்டும்?" என்றும் கேட்டார். மேல் கீலிலிருந்து கீழே தாழ்ப்பாள் மூலைக்கு இறங்குகிற மாதிரி இருந்தால் தெருவிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்று சொன்னேன்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் தாழ்ப்பாள் பக்கம் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. சிமெண்டுத் தரையில் கால் வட்டமாகக் கீறல் விழுந்தது. பார்க்கிறவர்களிடம், "காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுது பாருங்க" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடியில் கொஞ்சம் அறுத்துப் பார்த்தேன். கீலை மாற்றினேன். கீழே ஒரு சக்கரம்கூட வைத்தேன். கஜா புயலில்தான் விழுந்தது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி புயல் வருவதற்கு ரொம்ப முன்னாடியே அது தொங்கிப் போயிருந்தது. கேட்டைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் திறக்கும். ஒரு நாள் விடியற்காலையில் கோலம் போடப் போன உங்கள் டீச்சரம்மா அப்படித் தூக்கித் தள்ளியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்த படுக்கையாகிவிட்டாள். அதோடு என் வேடிக்கைப் பேச்சு நின்றது. கேட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வாசலுக்குத் தகரத்தைக் கட்டினேன்.

கஜாவில் விழுந்தவை கொல்லையில் நின்ற தென்னைகளும் மூன்று தேக்கும்தான். பட்டுக்கோட்டைப் பக்கம் அன்றைக்கு எந்த வீட்டுக் கொல்லையில்தான் மரம் நின்றது? தேக்கை மட்டும் அடுத்த வருஷம் அறுத்து, இடையிடையே ரீப்பர் கொடுத்துக் காற்றோட்டமாகக் கொட்டகையில் அடுக்கி வைத்தேன். ஐந்தாறு வருஷம் அப்படியே கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தது. போன ஆடியில் ஒருவழியாக மனசு வந்து, பக்கத்து ஊரில் நன்றாக வேலை செய்கிற ஒரு தச்சர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வரச்சொன்னேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு, மரத்தைக்கூடப் பார்க்காமல் நேராகச் சுவரோரம் கிடந்த பழைய கேட்டுக்குப் போனார். சாய்வுச் சட்டத்தின் முனையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், இந்தப் படம் நீங்க போட்டதுதானே?"

"ஆமா. ஏன்?"

"எட்டாங் கிளாஸ்ல நீங்க சொன்ன மாதிரியே இருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. உங்களில் பலருக்கும் அந்தப் பாடம் நினைவிருக்கும். நான்கு குச்சிகளை மூலைக்கு ஒரு ஆணி அடித்துச் சதுரமாகக் கோத்துக்கொண்டு வகுப்புக்கு வருவேன். ஒரு பக்கம் தள்ளினால் சதுரம் சாய்ந்துபோகும். ஐந்தாவது குச்சியை மூலைவிட்டமாக அடித்ததும் அசையாது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் தீர்மானமாகிவிட்டால் கோணமும் தீர்மானமாகிவிடும் என்று பலகையில் எழுதிவிட்டு, பாலத்தையும் கூரையையும் கேட்டையும் உதாரணம் காட்டுவேன். வருஷா வருஷம் எடுத்த பாடம். எனக்கே பிடித்த பாடம்.

1986-இல் இந்தப் பையன் எழுந்து, "சார், கேட்டுக்கு எந்த மூலையிலேருந்து எந்த மூலைக்குப் போடணும்?" என்று கேட்டிருக்கிறான். எந்த மூலையானாலும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறேன். "இல்ல சார், எங்கப்பா ஒரு பக்கமாத்தான் போடுவாரு" என்றிருக்கிறான். "இங்க உங்கப்பா வாத்தியாரா, நான் வாத்தியாரா?" என்று கேட்டேனாம். வகுப்பே சிரித்ததாம். மணி அடிக்கிறவரைக்கும் அவனை வெளியே நிற்க வைத்தேனாம்.

எனக்கு அந்தக் குச்சிகள் நினைவிருக்கின்றன. அந்தச் சிரிப்பு நினைவில்லை. அவருக்கு இருக்கிறது.

"அந்த வருஷத்தோட படிப்பை நிறுத்திட்டேன் சார்" என்றார். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, உடனே, "உங்களால இல்ல சார். அப்பாவுக்குக் கை ஒடிஞ்சுபோச்சு, வேலைக்கு ஆள் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். அது முழு உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், மரத்தைக் காட்டுங்க" என்று கொட்டகைக்குப் போய்விட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வேலை ஏழு நாள் நடந்தது. நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஏழு நாளும் எதிரே உட்கார்ந்திருந்தேன். முதல் பலகையை எடுத்ததும் வெளிறை எல்லாம் கழித்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். பாதி மரம் போய்விட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. "வெளிறுல பொருத்து வெச்சா கரையான் வைரத்தை விட்டுட்டு அங்கதான் சார் முதல்ல வரும்" என்றார்.

மூலைப் பொருத்துக்கு வந்தபோது நானே கேட்டேன், அரைக்கு அரை ஏன் ஆகாது என்று. பழைய கேட்டின் மூலையை எனக்கு முன்னாலேயே பிரித்துக் காட்டினார். கையால் இழுத்ததுமே வந்துவிட்டது. உள்ளே மரம் கறுத்து, ஸ்க்ரூவைச் சுற்றி மாவாகியிருந்தது. அரைக்கு அரையில் இரண்டு சட்டமும் அந்த இடத்தில் பாதிக் கனம்தான். மரம் ஈரத்தில் ஊதும்போது நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் ஊதும். நெட்டுச் சட்டமும் குறுக்குச் சட்டமும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் படுத்திருப்பதால், ஒன்று ஊதுகிற திசையில் மற்றது ஊதாது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வெயிலுக்கும் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டே இருக்கும். நான் வாங்கிக் கொடுத்தது தண்ணீரில் இளகிப்போகிற சாதாரண வெள்ளைப் பசை வேறு. பசை விட்டதும் மிஞ்சியது மூலைக்கு நாலு ஸ்க்ரூ. வீட்டுக்குள் ஒரு படச்சட்டத்துக்கோ அலமாரிக்கோ இந்தப் பொருத்து போதும் என்றார். வெயிலிலும் மழையிலும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டே இருக்கிற பொருளுக்கு ஆகாது.

அந்தத் தொங்கலை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம். புது கேட் சுமார் 35 கிலோ. எடையின் மையம் கீலிலிருந்து 2 அடி தள்ளி இருக்கிறது. இரண்டு கீலுக்கும் நடுவில் 3½ அடி. 35-ஐ 2-ஆல் பெருக்கி 3½-ஆல் வகுத்தால் 20. யாரும் தொடாமல் சும்மா நிற்கும்போதே மேல் கீலை 20 கிலோ இழுவை இராப்பகலாக இழுத்துக்கொண்டிருக்கிறது. கேட் மேல் ஏறி ஆடும் பேரன் கணக்கில் சேரவில்லை. வீட்டுக் கதவுக்கும் இந்த இழுவை உண்டு. ஆனால் அது நனைவதில்லை.

ஆகவே துளையும் கழுந்தும்தான். ஒரு சட்டத்தில் துளை, மற்றதன் முனையில் நாக்கு மாதிரிச் செதுக்கிய கழுந்து. சட்டம் 2 அங்குலக் கனம், அதாவது 16 நூல். கழுந்து அதில் மூன்றில் ஒரு பங்கு. நான் வாயைத் திறந்து 5 நூலும் சொச்சமும் என்று சொல்வதற்குள் அவர் 5 நூல் உளியை எடுத்துவிட்டார். சொச்சத்துக்கு உளி கிடையாதாம். உளியின் அகலம்தான் துளையின் அகலம், துளைக்கு ஏற்றபடி கழுந்து.

துளையை மறுபக்கம் வரைக்கும் ஊடுருவ அடித்தார். எனக்கு அது அழகுக் குறைவாகப் பட்டது. கழுந்தின் தலை வெளியே தெரியுமே, பாதியோடு நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டேன். "நாற்காலின்னா நிறுத்தலாம் சார். இதுல பாதியில நிறுத்துனா உள்ள போன தண்ணிக்கு வழி ஏது? ஊடுருவிப் போனாத்தான் காயும்." தலை வெளியே வருவதில் இன்னொரு வசதியும் உண்டு. அதில் கீறல் போட்டு இரண்டு ஆப்பு அடித்துவிட்டால் கழுந்து விரிந்து புறாவால் மாதிரி பிடித்துக்கொள்கிறது. மரம் வற்றினால் பிற்பாடு ஆப்பை இன்னும் ஒரு தட்டு தட்டிக்கொள்ளலாம்.

மேல் மூலையில் ஒரு நுட்பம். குறுக்குச் சட்டத்தை நெட்டுச் சட்டத்தின் உச்சிக்குச் சமமாக வைத்துத் துளையை மேலே திறந்துவிட்டால் வேலை சுலபம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மழை நேராகப் பொருத்துக்குள் இறங்கும். இவர் நெட்டுச் சட்டத்தை இரண்டு அங்குலம் மேலே கொம்பு மாதிரி விட்டு, அதன் தலையைச் சாய்வாகச் சீவிவிட்டார். படத்தில் பாருங்கள், அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள்தான் எனக்கு நன்றாக மூக்குடைந்தது. கழுந்தைப் பூட்ட மூங்கில் ஆணி அடிப்பதற்காக முதலில் துளைச் சட்டத்தில் ஓட்டை போட்டார். கழுந்தை உள்ளே விட்டு, அந்த ஓட்டை வழியாகவே கழுந்தின் மேல் குறி வைத்தார். வெளியே எடுத்தார். குறியில் போடாமல் அரை நூல் தள்ளி, கழுந்தின் தோள் பக்கமாக ஓட்டை போட்டார். வயதான கண்ணிலும் எனக்கு அது பட்டுவிட்டது.

"தம்பி, ஓட்டை தள்ளிப் போயிடுச்சு."

"தள்ளித்தான் போகணும் சார்."

இரண்டு ஓட்டையும் நேராக இருந்தால் ஆணி சும்மா நிற்கும். அரை நூல் தள்ளியிருந்தால், கூர் சீவிய மூங்கில் ஆணி உள்ளே போகும்போது வளைந்து நுழைந்து, கழுந்தைத் துளைக்குள் இழுத்துத் தோளை இறுக்குகிறது. கொட்டாப்புளியால் அவர் தட்டத் தட்டப் பொருத்தின் கோடு மறைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். பசையே போடவில்லை. தப்பான பக்கம் தள்ளிவிட்டால் அதே ஆணி கழுந்தை வெளியே உந்திவிடுமாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் அப்பா இதற்காக இவர் தலையில் குட்டியிருக்கிறார். "அவரும் அடிச்சாரு சார். ஆனா ஏன்னு சொல்லிட்டு அடிச்சாரு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு சாய்வுச் சட்டம். அவர் அதைக் கையில் எடுத்ததுமே நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "இப்பச் சொல்லு. எந்த மூலையிலேருந்து எந்த மூலைக்கு?"

கீழே கீல் பக்கம் ஊன்றி, மேலே தாழ்ப்பாள் பக்கத்துக்கு ஏறவேண்டும். கேட் தொங்கும்போது இந்த மூலைவிட்டம் குறுகப் பார்க்கும். சாய்வுச் சட்டம் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும். நான் போட்டது மற்ற மூலைவிட்டம், அது நீளப் பார்க்கும். இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாள் பக்கம் ஒரு அங்குலம் இறங்கினால் ஒரு மூலைவிட்டம் சுமார் 6 நூல் நீளும், மற்றது 6 நூல் குறையும். அவர் விரல் விட்டுப் பார்த்த இடைவெளி அந்த 6 நூல்தான்.

அப்படியானால் நான் பாடத்தில் சொன்னது தப்பா? அவரே ஒரு துண்டு மரத்தைச் சுவரில் ஊன்றித் தள்ளிக் காட்டினார், நின்றது. அதையே இழுத்தார், கையோடு வந்தது. "மரப் பொருத்து தள்ளுனா எவ்வளவும் தாங்கும் சார். இழுத்தா கழண்டுக்கும். கம்பியா இருந்தா நீங்க போட்ட பக்கம்தான் சரி. கம்பி இழுத்தா தாங்கும், தள்ளுனா வளைஞ்சுக்கும்." என் வகுப்புக் குச்சிகளின் மூலையில் ஆணி ஊடுருவி இருந்தது. ஊடுருவிய ஆணி தள்ளுவதையும் தாங்கும், இழுப்பதையும் தாங்கும். அதனால் என் குச்சிக்கு எந்த மூலையும் ஒன்றுதான். நான் முக்கோணத்தைப் பார்த்தேன், மூட்டைப் பார்க்கவே இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் கேட்டது மூட்டைப் பற்றி. எத்தனை வருஷம் அந்தப் பாடம் எடுத்தேன், ஒரு வருஷம்கூட எனக்கு அது தோன்றவில்லை.

அந்தச் சட்டத்தின் முனைகளுக்குக் கழுந்து இல்லை. வெறும் வெட்டு. குறுக்குச் சட்டத்தில் ஒரு பள்ளம் எடுத்து அதில் முனையை உட்கார வைத்தார். சரியாக மூலையில் வைக்காமல் ஒரு அங்குலம் தள்ளி வைத்தார். மூலையிலேயே வைத்தால் முட்டு கொடுக்கிற வேகத்தில் நெட்டுச் சட்டத்தையும் குறுக்குச் சட்டத்தையும் பிளந்துவிடுமாம். ஏழு நாள் வேலையில் மிகச் சுலபமான பொருத்து அதுதான், அரை மணியில் முடிந்துவிட்டது.

ரீப்பர்களுக்கு நடுவில் 4 நூல் இடைவெளி விட்டதும், அடிமுனைகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் ஊற வைத்ததும் மற்ற வேலைகள். அந்த எண்ணெயைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், புண்ணாகிவிடும். நான் தொட்டேன்.

"சித்தப்பா, இரும்புல போட்டிருந்தா இவ்வளவு பாடே இல்லையே" என்று அண்ணன் மகன் பொங்கலன்று கேட்டான். அவனுக்குச் சரியான பதில் அன்றைக்கு வாயில் வரவில்லை. அப்பா, உன் வீட்டு இரும்பு கேட்டில் மூலை எல்லாம் வெல்டிங். வெல்டிங் தள்ளுவதையும் தாங்கும், இழுப்பதையும் தாங்கும். உனக்கு எந்த மூலையானாலும் ஒன்றுதான். என் பழைய பதில் உன் கேட்டுக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். 1986-இல் அந்த எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து சிரித்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அன்று கேட்ட கேள்வி சரியான கேள்வி. அவர் அப்பா போட்ட பக்கம்தான் சரி. நான் சொன்னது தவறு. வெளியே நிற்க வேண்டியது அவர் அல்ல. இதை அவரிடம் தனியாகச் சொன்னது போதாது. சிரித்தது எல்லோர் முன்னாலும் அல்லவா? வேறு யாரையாவது இப்படி நிற்க வைத்திருந்தால், எனக்கு மறந்திருக்கும், உங்களுக்கு மறந்திருக்காது. இங்கேயே எழுதுங்கள். போனிலும் சொல்லலாம்.

கேட்டை மாட்டிய அன்று தாழ்ப்பாள் பக்கம் தரைக்கும் கேட்டுக்கும் நடுவில் 1 அங்குலம் 2 நூல் இருந்தது. அதைச் சுவரில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு வைத்தேன். தை பிறந்ததும் அளந்தேன். 1 அங்குலம் 2 நூல். அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஒரு மழைதானே சார் போயிருக்கு" என்றார். "அடுத்த மழை முடிஞ்சதும் இன்னொரு தடவை அளந்துட்டுச் சொல்லுங்க."